மயக்க மருந்துக்கு முன் ஒட்சிசன்: மூன்று நிமிடமா, எட்டு மூச்சா?

கேள்வி (நுவரெலியாவில் பயிற்சி வைத்தியர்)

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். மயக்க மருந்துப் பிரிவுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. போன கிழமை இரவு ஓர் அவசர சிசேரியன். முதுகில் ஊசி போட நேரமில்லை, முழு மயக்கம்தான். கொழுந்து பறிக்கிற அம்மா, மாஸ்க்கை வைத்ததும் பயந்து இரண்டு கையாலும் தள்ளினார். பாவமாக இருந்ததால் முகத்தில் அழுத்தாமல் ஒரு விரல் இடைவெளி விட்டுப் பிடித்து, நான்கு தடவை ஆழமாக மூச்சு இழுக்கச் சொன்னேன். விரலில் மாட்டிய கருவி இரத்த ஒட்சிசன் 99 வீதம் என்று காட்டியது, போதும் என்று நினைத்துவிட்டேன். மருந்தால் மூச்சு நின்று, தொண்டை வழியாகச் சுவாசக் குழாய் இறக்குவதற்குள் 84. தாயும் பிள்ளையும் நலம், ஆனால் மொனிட்டரின் சத்தம் படிப்படியாகக் கீழே இறங்கியது இன்னும் காதில் நிற்கிறது. மூன்று நிமிடம் சாதாரண மூச்சு, 30 செக்கனில் நான்கு ஆழ்மூச்சு, ஒரு நிமிடத்தில் எட்டு ஆழ்மூச்சு, இவற்றில் நீங்கள் எதைச் செய்கிறீர்கள்?

மறுமொழி 1 (மயக்க மருந்து வைத்தியர், பதுளை)

தம்பி, 99 என்பது இரத்தம் நிறைந்ததைத்தான் காட்டும், நுரையீரலில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று காட்டாது. வளர்ந்த ஒருவர் மூச்சை வெளியே விட்டபிறகும் நுரையீரலில் சுமார் இரண்டரை லீற்றர் மிஞ்சும். அதில் பெரும்பங்கு நைதரசன், அதைக் கழுவி வெளியேற்றி ஒட்சிசனை நிரப்புவதுதான் நம் வேலை. உடம்பு நிமிடத்துக்கு 250 மில்லிலீற்றர் செலவழிக்கும், அதனால் நன்றாக நிரப்பினால் ஆரோக்கியமானவர் மூச்சு நின்றாலும் ஏழெட்டு நிமிடம் தாங்குவார், நிரப்பாவிட்டால் ஒரு நிமிடத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். நிறைமாதத்தில் அந்தச் சேமிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவு, செலவோ கூட.

நான்கு மூச்சை நான் விட்டுவிட்டேன். அவசரத்துக்கு எட்டு மூச்சு, ஒட்சிசன் நிமிடத்துக்கு 10 லீற்றருக்குக் குறையாமல். நேரமிருந்தால் மூன்று நிமிடம். ஆனால் மாஸ்க் ஒட்டாவிட்டால் எந்த முறையும் உதவாது, அந்த ஒரு விரல் இடைவெளியால் வெளிக்காற்று உள்ளே போய்விடுகிறது. மாஸ்க்கோடு இணைந்த பை மூச்சோடு சுருங்கி விரிகிறதா என்று பாருங்கள். வெளிமூச்சில் ஒட்சிசன் 90 வீதம் வந்தால்தான் நான் மருந்தை எடுப்பேன். தலைப்பக்கத்தை 20 பாகையாவது உயர்த்துங்கள்.

இன்னொன்று, நீங்கள் 1,868 மீற்றர் உயரத்தில் நிற்கிறீர்கள். காற்றழுத்தம் 610 மில்லிமீற்றர் பாதரச அளவில்தான், கொழும்பில் 760. அதே இரண்டரை லீற்றரில் அடங்குகிற ஒட்சிசன் கொழும்பில் அடங்குவதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் பழகிய கை அங்கே அவசரப்படக் கூடாது.

மறுமொழி 2 (தியேட்டர் தாதி, ஹட்டன் பக்கம்)

அந்த அம்மாவிடம் யாராவது தமிழில் பேசினார்களா? எங்கள் தியேட்டரில் பல இரவுகளில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் கேட்கிறேன். நான் முதலில் மாஸ்க்கை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். "அம்மா, இது வெறும் காத்துதான், நீங்களே மூக்கு வாயோட சேர்த்து அழுத்திப் பிடிங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லி, அவர்கள் கைமேல் என் கையை வைத்துக்கொள்வேன். அப்புறம் ஒன்று, இரண்டு என்று எட்டு வரை கூடவே எண்ணுவேன். தள்ளினவர்கள் மிகக் குறைவு.

மறுமொழி 3

மூக்கு வழியாக நிமிடத்துக்கு 70 லீற்றர் வரை சூடாக, ஈரமாகக் கொடுக்கிற கருவி இருந்தால், மூச்சு நின்ற பிறகும் ஒட்சிசன் போய்க்கொண்டே இருக்கும், குழாய் இறக்கக் கடினமானவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் 680 லீற்றர் சிறிய சிலிண்டர் அதில் பத்து நிமிடம்கூட வராது, சுவரில் குழாய் இணைப்பு இருந்தால் மட்டும் யோசியுங்கள். இல்லாவிட்டால் சாதாரண மூக்குக் குழாயை மாஸ்க்குக்கு அடியில் மாட்டி வைத்து, மாஸ்க்கை எடுத்ததும் 15 லீற்றருக்குத் திறந்துவிடலாம். குழாயின் மேல் மாஸ்க் ஒட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேட்டவர்

நன்றி அக்கா, நன்றி எல்லோருக்கும். யாரும் தமிழில் பேசவில்லை. நானே அவசரத்தில் அவருக்கு விளங்காத சொற்களில்தான் கத்திக்கொண்டிருந்தேன். நாளைக் காலை இரண்டு சிசேரியன், மாஸ்க்கை அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கிறேன்.