அம்மாவின் போனும் யாழினியின் கட்டுரையும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 2025

வெள்ளிக்கிழமை

யாழினி (மாலை 6.40): ஆச்சி, கூந்தன்குளம் சரணாலயம் பற்றிய கட்டுரையை எழுதிவிட்டேன். நாலு பக்கம். நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை பள்ளியில் கொடுக்க வேண்டும், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

அம்மா (இரவு 7.15): தங்கம், படம் வந்தது. பெரிதாக்கினால் ஒரு வரியில் பாதிதான் தெரிகிறது. தள்ளித் தள்ளிப் படிப்பதற்குள் முந்தின சொல் மறந்து போகிறது. சார்ஜும் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. மறுபடி போட்டுவிட்டுப் பார்க்கிறேன்.

அக்கா (7.20): அம்மா, பொங்கலுக்கு வந்தபோதே கேட்க நினைத்தேன். உங்கள் போனை மேஜையில் வைத்தால் ஆடுகிறதே, ஏன்?

அம்மா (7.24): பின்பக்கம் நடுவில் கொஞ்சம் உப்பி இருக்கிறது. ஒரு மாதம் இருக்கும். உறை போட்டிருப்பதால் வெளியே தெரியாது.

நான் (7.25): அம்மா, இப்போதே சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். உப்புவது பேட்டரி. உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. இனி ஒரு தடவைகூட சார்ஜ் போட வேண்டாம். அழுத்தவோ, பின்மூடியை நெம்பவோ வேண்டாம். அணைத்து, உறையைக் கழற்றி, துணி, காகிதம் இல்லாத இடத்தில் தரையில் வையுங்கள். கட்டிலில் வைக்காதீர்கள்.

அப்பா (7.41): அம்மாதான் எழுதுகிறேன், அப்பா போனிலிருந்து. அணைத்துவிட்டேன். பின்கட்டில் சிமெண்டுத் தரையில் வைத்திருக்கிறேன். ஐயா, 2017-ல் நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. பேட்டரி மட்டும் மாற்ற முடியாதா?

நான் (7.46): முடியும் அம்மா. ஆனால் அந்த மாடலுக்கு நல்ல பேட்டரி இப்போது கிடைப்பது கஷ்டம். போன் நிறுவனம் அனுப்பும் பாதுகாப்புப் புதுப்பிப்பு (செக்யூரிட்டி அப்டேட்) வந்தும் பல வருடம் ஆகிவிட்டது. அதில்தான் பென்ஷன் கணக்கைப் பார்க்கிறீர்கள். எனக்கு அது பேட்டரியைவிடப் பெரிய பயம். புதிதே வாங்கிவிடலாம்.

மாமா (8.05): அக்கா, கவலையை விடு. நாளைக்கே கடைக்குப் போவோம். ரெட்மி 14சி 5ஜி என்று ஒன்று இந்த ஜனவரியில் வந்திருக்கிறது. 6.88 இன்ச்! விலை 10,000 ரூபாய்தான். நல்ல பெரிய திரை.

அக்கா (8.11): 6.9 இன்ச் என்றால் அம்மா கைக்கு அடங்குமா மாமா? கட்டைவிரல் அடியில் வலி வந்து இப்போதுதான் குறைந்திருக்கிறது. படிப்பதற்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தால் என்ன?

அப்பா (8.20): அம்மா எழுதுகிறேன். டேப்லெட் வீட்டில்தான் கிடக்கும் பாப்பா. கோயிலுக்கு, வங்கிக்கு, ரேஷன் கடைக்கு என்று எங்கே போனாலும் கைப்பையில் வைக்க வேண்டும். ஒன்றே போதும்.

சனிக்கிழமை

நான் (காலை 6.50): ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கொஞ்சம் நீளம், ஆனால் கடைக்குப் போகும் முன் எல்லோரும் படியுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் இன்ச், திரையை மூலைக்கு மூலை அளந்தது. அம்மாவின் பழைய போன் 5.5 இன்ச், ஆனால் அது உயரம் 16 பங்கு என்றால் அகலம் 9 பங்கு என்ற அளவில் அகலமான திரை. அகலம் 6.8 செ.மீ. மாமா சொல்லும் 6.88 இன்ச் போனின் திரை நீளமாக ஒடுங்கியது, அதன் அகலம் 7 செ.மீ. வித்தியாசம் 2 மில்லிமீட்டர்! சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி 6.7 இன்ச்தான், ஆனால் அதன் அகலம் 7.1 செ.மீ. இன்ச் குறைவான போன் அகலத்தில் கூடுதலாக இருக்கிறது. புதுப் போன்கள் எல்லாம் மேல்நோக்கித்தான் வளர்ந்திருக்கின்றன.

அக்கா (6.58): அப்படியானால் பெரிய போன் வாங்கி என்ன பயன்?

நான் (7.04): பயன் இருக்கிறது அக்கா. உயரம் 12.2 செ.மீ.யிலிருந்து ஏறக்குறைய 15.5 ஆகிறது. எழுத்தைப் பெரிதாக்கினாலும் பழைய போனில் தெரிந்த அளவு வரிகள் தெரியும். போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் அந்த 15.5 செ.மீ. அகலமாகிவிடும். யாழினியின் நோட்டு வரி முழுதாகத் தெரிவதற்கு அதுதான் வழி. நிமிர்த்திப் பிடித்தால் எந்தப் போனிலும் பாதி வரிதான்.

அத்தான் (7.15): இதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும். ரெட்மி 14சி திரையில் குறுக்கே 720 ஒளிப்புள்ளிகள் (பிக்சல்) மட்டும்தான். அத்தையின் பழைய போனிலேயே 1080. கணக்குப் பார்த்தால் பழையது ஒரு இன்ச்சுக்கு 400 புள்ளி, இது 260. வீடியோ பார்ப்பவர்களுக்கு அது போதும், அந்த விலைக்கு நல்ல போன்தான். ஆனால் அத்தை பார்ப்பது ணகரமும் னகரமும். சின்ன எழுத்தில் அந்தச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெரிந்தால் கண் வலிக்கும். ஏ16-ல் 385 வருகிறது.

மாமா (7.22): மாப்பிள்ளை சொல்வது சரி. புள்ளிக் கணக்கை நான் பார்க்கவில்லை. கேலக்ஸி எம்35 எப்படி? அதில் 6000 எம்ஏஎச் பேட்டரி. அக்கா சார்ஜ் போட மறந்தாலும் இரண்டு நாள் ஓடும்.

அத்தான் (7.27): எம்35-ம் நல்ல தேர்வுதான் மாமா. 6.6 இன்ச், 1080 புள்ளி. ஆனால் எடை 222 கிராம், தடிமன் 9.1 மில்லிமீட்டர். ஏ16 ஏறக்குறைய 200 கிராம், தடிமன் 7.9.

அக்கா (7.30): 20 கிராமில் என்ன வந்துவிடப் போகிறது?

அப்பா (7.52): அம்மா எழுதுகிறேன். சமையலறைத் தராசில் பழைய போனை வைத்துப் பார்த்தேன், 168 கிராம். அப்புறம் 200 கிராம் துவரம்பருப்பு ஒரு பையில், 222 கிராம் ஒரு பையில் கட்டினேன். ஒவ்வொன்றையும் போன் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் செய்தித்தாள் படித்தேன். 200 பரவாயில்லை. 222-ல் ஆறாவது நிமிடமே கட்டைவிரல் அடியில் இழுக்கிறது. வலி இல்லாதவர்களுக்கு இது தெரியாது பாப்பா.

அக்கா (7.55): சரிம்மா. இனி எடைதான் முதல் கணக்கு.

நான் (8.02): அம்மா, ஓர் அட்டையை 16.4 செ.மீ.க்கு 7.8 செ.மீ. வெட்டிப் பாருங்கள். அதுதான் ஏ16-ன் முழு அளவு. கைப்பையில் நிற்கிறதா, ஒரு கையில் பிடித்தால் கட்டைவிரல் எதுவரை எட்டுகிறது என்று பாருங்கள்.

அப்பா (8.30): அட்டை பையில் நிற்கிறது. கட்டைவிரல் மேல் மூலைக்கு எட்டாது. ஆனால் பழைய போனிலும் நான் இடது கையில் பிடித்து வலது ஆள்காட்டி விரலால்தான் தொடுவேன். அதனால் எனக்கு அது குறை இல்லை.

நான் (8.34): அப்படியென்றால் என் ஓட்டு ஏ16-க்கு. இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 அக்டோபரில் வந்த போன் அது. 6 ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2030 வரை நிம்மதி. 20,000 ரூபாய்க்குள் முடியும். ஆனால் கடையில் கையில் வாங்கிப் பார்த்து, பிடித்தால் மட்டும் வாங்குங்கள். பெட்டியில் சார்ஜர் வராது, 25 வாட் ஒன்று தனியாக வாங்க வேண்டும். இயர்போன் குத்தும் பழைய துளையும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை

மாமா (பகல் 12.20): கடையில் இருக்கிறோம். அக்கா இரண்டையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்துவிட்டாள். எம்35-ஐ இரண்டே நிமிடத்தில் கீழே வைத்துவிட்டாள். ஏ16-தான். ஓரத்துப் பித்தானிலேயே கைரேகை வேலை செய்கிறது, அது அவளுக்குப் பிடித்துவிட்டது. 30,000 ரூபாய்க்கு வளைந்த திரை ஒன்றைக் கடைப் பையன் காட்டினான். ஓரத்தில் எழுத்து மடங்கித் தெரிகிறது என்று வேண்டாம் என்றுவிட்டாள்.

நான் (12.24): மாமா, சிம் விஷயத்தில் மட்டும் கவனம். பழைய போனில் இருப்பது மைக்ரோ அளவு, ஏ16-க்கு அதைவிடச் சின்ன நானோ அளவு வேண்டும். மூன்று அளவாக வெட்டுக்கோடு இருக்கும் அட்டையாக இருந்தால் சுற்றியுள்ள சட்டத்தை மெல்லத் தள்ளினாலே நானோ வந்துவிடும். அப்படி வராவிட்டால்தான் புது சிம். மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, வங்கி ஓடிபியும் வராது. அவசரப் பணம் ஏதாவது அனுப்ப வேண்டுமா என்று முதலில் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமா (12.40): வெட்டுக்கோடு இருந்தது. தள்ளியதும் வந்துவிட்டது.

நான் (12.43): நல்லது. யுபிஐ புதிதாகப் பதிய வேண்டும், முதல் ஒரு நாள் பெரிய தொகை போகாது. அரட்டை எல்லாம் தினமும் இரவு கூகுள் டிரைவில் சேமிப்பாகும்படி நான் முன்பே வைத்திருக்கிறேன், பழைய மின்னஞ்சலைக் கொடுத்தால் திரும்பி வரும். எழுத்தைப் பெரிதாக்க மூன்று இடம் உண்டு. டிஸ்ப்ளே அமைப்பில் எழுத்தளவு, அதே இடத்தில் திரை ஜூம், அப்புறம் வாட்ஸ்அப்பின் அரட்டை அமைப்பில் தனி எழுத்தளவு. மூன்றையும் ஒரேயடியாக ஏற்ற வேண்டாம், பித்தான்கள் திரைக்கு வெளியே போய்விடும். முதலில் எழுத்தளவை மட்டும் இரண்டு படி ஏற்றுங்கள். விசைப்பலகையின் உயரத்தையும் கூட்டுங்கள்.

அக்கா (12.50): பழைய போனை என்ன செய்வது? குப்பை வண்டியில் போட்டுவிடாதீர்கள்.

மாமா (12.55): சர்வீஸ் சென்டரில் மின்கழிவு வாங்கிக்கொள்கிறார்கள். நாளைக்கு நானே கொண்டு போய்க் கொடுக்கிறேன்.

அம்மா (மாலை 5.10): யாழினித் தங்கம், உன் கட்டுரையைப் போனைப் படுக்கவைத்து முழுதும் படித்துவிட்டேன். வரி வரியாகத் தெரிகிறது. வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருவதை எழுதிய இடம் ரொம்ப நன்றாக இருக்கிறது. இரண்டாம் பக்கம் மூன்றாம் வரியில் 'வெளிநாட்டுப் பரவைகள்' என்று எழுதியிருக்கிறாய். பரவை என்றால் கடல். நீ சொல்வது பறவை, வல்லின ற போட வேண்டும்.

யாழினி (5.14): ஐயோ ஆச்சி, நாலு பக்கத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்!

அம்மா (5.19): எண்ணினேன், பதினோரு இடம். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.