எத்தனை பேர் வந்தாலும் யாரும் சும்மா நிற்காத விளையாட்டு

எல்லாருக்கும் வணக்கம்.

அடுத்த சந்திப்பில் விளையாட்டு நடத்தும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டால் வழக்கம்போல யாருக்கும் தெரியாது, 15 பேரும் வரலாம், 150 பேரும் வரலாம். அதனால் எத்தனை பேருக்கும் பொருந்துகிற, சீக்கிரம் முடிகிற, முடிந்தபின் யாரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகாத போட்டிகளாக யோசித்து வைத்திருக்கிறேன். மற்ற இடங்களில் கூட்டம் நடத்துகிற அண்ணன்மார், அக்காமாருக்கும் பயன்படட்டும் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு போட்டி நல்லதா இல்லையா என்று பார்க்க நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான். விசில் அடித்தபின் கூட்டத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள், எத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள்? இரண்டாவது எண்ணிக்கை பெரிதானால் அந்தப் போட்டி வேண்டாம், அது எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் சரி.

இசை நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். 30 பேர் என்றால் 29 சுற்று. சுற்றுக்கு ஒரு நிமிடம் வைத்தாலே அரை மணி நேரம் போய்விடும். முதல் சுற்றிலேயே அவுட் ஆவது பெரும்பாலும் சின்னப் பிள்ளை, இல்லையென்றால் முழங்கால் வலிக்காரர். அவர்கள் 28 சுற்று மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். யாருக்குத் திறமை குறைவோ அவருக்கு ஆடக் கிடைக்கும் நேரமும் குறைவு என்பது என்ன நியாயம்? ஆடியே தீர வேண்டும் என்றால் ஆளை எடுக்காமல் நாற்காலியை மட்டும் எடுங்கள், மிச்சமுள்ள நாற்காலிகளில் அத்தனை பேரும் எப்படியாவது தொற்றிக்கொள்ள வேண்டும். மடியில் உட்காரலாம், கையைப் பிடித்துத் தொங்கலாம், தரையில் கால் படக்கூடாது. சிரிப்பும் அதில்தான் அதிகம்.

நாக்-அவுட் முறையே கெட்டது என்று சொல்லவில்லை, ஒவ்வொரு ஜோடியாக மேடைக்குக் கூப்பிடுவதுதான் கெட்டது. எப்படி நடத்தினாலும் 100 பேரில் ஒருவர் மிஞ்ச 99 ஆட்டம் வேண்டும், ஆனால் எல்லா ஜோடியும் ஒரே நேரத்தில் ஆடினால் 100, 50, 25, 13, 7, 4, 2, 1 என்று 7 சுற்றில் முடிந்துவிடும். ஸ்டோன்-பேப்பர்-சிசர் இதற்கென்றே அமைந்த ஆட்டம். தோற்றவர் ஜெயித்தவரின் பின்னால் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும், அவர் அடுத்தவரிடம் தோற்றால் வால் முழுக்க அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் இரண்டே நீள வரிசை, இரண்டு பெயர், காது கிழியும் சத்தம். 5 நிமிடத்தில் முடியும், ஒரு பொருளும் வாங்க வேண்டாம். ஒற்றைப்படையில் ஒருவர் ஜோடியில்லாமல் நின்றால் அவர் நேராக அடுத்த சுற்றுக்குப் போகட்டும், ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு முறை அந்த அதிர்ஷ்டம் கிடைக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தலை-பூவும் அதே வேகம். எல்லாரும் எழுந்து நின்று தலையிலோ இடுப்பிலோ கை வைக்க வேண்டும், காசைச் சுண்டிப் பார்த்து தவறாகச் சொன்னவர்கள் உட்கார வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே ஒரு சின்ன விஷயம். சுண்டிய காசு, சுண்டும்போது மேலே இருந்த பக்கமே விழ ஒரு மயிரிழை அதிக வாய்ப்பு உண்டு என்று பெர்சி டயகோனிஸ் என்ற கணித அறிஞரும் அவர் கூட்டாளிகளும் 2007-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள், பிறகு ஒரு ஆய்வுக் குழு 3,50,757 முறை சுண்டிப் பார்த்ததில் ஏறக்குறைய 50.8 சதவீதம் அப்படித்தான் விழுந்தது. நம் ஆட்டத்துக்கு இது பெரிய விஷயமில்லை, எல்லாரும் கை வைத்து முடித்தபிறகு காசை வெளியே எடுத்தால் போதும். காசே கோணல் என்று யாராவது வம்பு செய்தால் ஜான் வான் நாய்மன் என்ற கணித அறிஞர் சொன்ன வழி இருக்கிறது: இரண்டு முறை சுண்டு, தலை-பூ வந்தால் முதல் அணி, பூ-தலை வந்தால் இரண்டாம் அணி, இரண்டும் ஒன்றாக வந்தால் மறுபடி சுண்டு. காசு எவ்வளவு கோணலாக இருந்தாலும் இரண்டு அணிக்கும் சம வாய்ப்பு. வாயை அடைக்க நல்ல வழி.

அணிப் போட்டி என்றால் ஓர் அணிக்கு 4 முதல் 6 பேர், அதற்கு மேல் வேண்டாம். ஆள் அதிகமானால் அணியைப் பெரிதாக்காமல் அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சுக்காரர் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913-இல் எழுதியதே இதுதான், ஆள் சேரச் சேர ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது. 20 பேர் அணியில் 5 பேர் இழுப்பார்கள், மற்றவர்கள் முகத்தில்தான் முக்கல் இருக்கும். கயிறு இழுத்தலிலேயே இன்னொன்று, ஆள் கணக்கு சமமாக இருந்தால் போட்டி சமம் என்று நினைத்துவிடக்கூடாது. முறையான போட்டிகளில் 8 பேரின் மொத்த எடையைப் பார்த்துத்தான் பிரிவு பிரிக்கிறார்கள். நம் கூட்டத்தில் எடை மெஷினில் ஏறச் சொன்னால் பாதிப் பேர் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள், அதனால் கயிறை நான் எடுக்கவே போவதில்லை.

அணி பிரிக்க வரிசையாக நிற்க வைத்து 1, 2, 3, 4 என்று எண்ணச் சொல்லுங்கள். ஒன்றாக நிற்கும் நண்பர்களும் புருஷன் பெண்டாட்டியும் தானாகவே பிரிந்துவிடுவார்கள். கேப்டன்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கும் முறை மட்டும் வேண்டவே வேண்டாம், கடைசியாக நிற்பவருக்கு அன்றைய நாள் அங்கேயே முடிந்துவிடும். ஓர் அணியில் 6, இன்னொன்றில் 5 என்றால் 5 பேர் அணியில் ஒருவர் இரண்டு முறை ஆடட்டும், அது யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அணியிடம் விட்டால் மின்னலாக ஓடுகிறவரைத்தான் அனுப்புவார்கள்.

இரண்டு அணி மாறி மாறி ஆடும் ஆட்டங்களில், ஊமை விளையாட்டு போல, எப்போதும் அ-ஆ, அ-ஆ என்று போனால் ஒரே அணி ஒவ்வொரு சுற்றிலும் முதலில் ஆடும். அ-ஆ, ஆ-அ என்று திருப்பிவிடுங்கள். கால்பந்தில் பெனால்டிக்கு இந்த முறையை 2017-இல் சோதித்துப் பார்த்தார்கள், குழப்பமாக இருக்கிறது என்று அடுத்த வருடமே விட்டுவிட்டார்கள். நமக்கு அவ்வளவு பெரிய மைதானம் இல்லை, ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டினால் போதும்.

ஒரு நிமிடப் போட்டிகளில் (பேப்பர் கப் அடுக்குவது, ஸ்ட்ராவால் பஞ்சை உறிஞ்சி மாற்றுவது, ஒற்றைக் கையால் ரப்பர் பேண்ட் கோப்பது மாதிரி) எல்லாரையும் ஜோடியாக உட்கார வையுங்கள். முதல் நிமிடம் ஒருவர் ஆட மற்றவர் எண்ணுவார், அடுத்த நிமிடம் மாறிக்கொள்வார்கள். 10 பேருக்கும் 200 பேருக்கும் ஆகும் நேரம் ஒன்றேதான், தனி நடுவரும் வேண்டாம். தாயும் பிள்ளையும் ஒரே ஜோடியாக வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தாய் எண்ணும்போது ஒன்றிரண்டு கூடிவிடும்.

உட்கார்ந்தே ஆட வேண்டியவர்களுக்கு என் முதல் தேர்வு, ஜாடியில் எத்தனை பாசிமணி இருக்கிறது என்று ஊகிப்பது. வயது, பலம், வேகம் எதுவும் உதவாது. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் 1907-இல் ஒரு மாட்டின் எடையை ஊகிக்கும் போட்டியின் 787 சீட்டுகளை வாங்கி வரிசைப்படுத்திப் பார்த்தார். நடுவில் நின்ற எண் 1,207 பவுண்டு, உண்மையான எடை 1,198 என்று குறித்திருக்கிறார். நாமும் பரிசு கொடுக்குமுன் சீட்டுகளை வரிசைப்படுத்தி நடு எண்ணைப் படித்தால் கூட்டத்துக்கே ஒரு சுவாரசியம். கூடினாலும் குறைந்தாலும் அருகில் இருப்பவருக்கே பரிசு, சமமானால் அடுத்து ஓர் எண் கேள்வி. இதைச் சீட்டு வாங்கும் முன் சொல்ல வேண்டும். முடிவு தெரிந்தபின் சொல்லும் விதி எவ்வளவு சரியாக இருந்தாலும் ஆள் பார்த்துச் சொன்னதாகத்தான் படும்.

விளக்கம் அரை நிமிடத்துக்குமேல் போகக்கூடாது. என்ன செய்ய வேண்டும், எப்போது முடியும், எது தப்பாட்டம், அவ்வளவுதான். அப்புறம் ஒரு முறை செய்து காட்டிவிடுங்கள். மதிப்பெண் முதல் மூன்று இடத்துக்கு 3, 2, 1. கடைசிச் சுற்றுக்கு மட்டும் இரட்டைப் புள்ளி என்று சிலர் கேட்பார்கள், எனக்குப் பிடிக்காது, அதுவரை உழைத்த அணியை ஏமாற்றுவது அது. சின்னப் பிள்ளைகளுக்குச் சலுகை என்றால் கோட்டை முன்னால் தள்ளிப் போடுங்கள், வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்காதீர்கள், அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

விசில் என்னிடம் இருக்கிறது. பேப்பர் கப், ரப்பர் பேண்ட், மூடி போட்ட ஒரு பெரிய கண்ணாடி ஜாடி யாராவது கொண்டுவர முடியுமா? மணிகளை எண்ணிப் போடுகிறவர் அந்தப் போட்டியில் கலந்துகொள்ள முடியாது, அதற்குச் சம்மதிக்கிற ஒருவர் பதில் போடுங்கள்.