ஆர்டர் கொடுத்த பிறகு சேசிஸ் நிறுத்தம்: மாற்று மாடலை ஏற்கலாமா?

கேள்வி:
அமெரிக்காவில் ஒரு தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு வாகனக் கொள்முதல் பார்க்கிறேன். ஆம்புலன்ஸுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. இப்போது அதற்கான சேசிஸின் (எஞ்சின், கேபின், சக்கரங்களோடு வரும் அடிவண்டி) தயாரிப்பையே நிறுத்துகிறார்களாம். பாடி கட்டுபவர் "வேறு சேசிஸ் போட்டுக்கொள்ளலாம்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில் 1:
உடனே தலையாட்டிவிடாதீர்கள். பாடி கட்டும் வேலையில் ஊறியவன் சொல்கிறேன். கேபினின் பின்புறத்திலிருந்து பின் ஆக்சில் (சக்கர அச்சு) வரையுள்ள தூரத்தை முதலில் கேளுங்கள். அது மாறினால் ஆக்சில்களில் எடை விழும் விகிதமே மாறும். டீசல் வண்டி என்றால் புகை சுத்திகரிப்புக் கலனும் யூரியா டாங்கியும் எங்கே தொங்குகின்றன என்று குனிந்து பாருங்கள். படிக்கட்டு வரவேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும், சனியன்! வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் திறனையும் விடாதீர்கள். புதிய வரைபடமும் எடைக்கணக்கும் விலை மாற்றமும் எழுத்தில் வராமல் கையெழுத்துப் போடவேண்டாம்.

பதில் 2:
இது புதிதல்ல. 2009இல் ஸ்டெர்லிங் ட்ரக் நிறுவனம் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ், கோடியாக் டிரக் வரிசையை நிறுத்தியது. சேசிஸ் மேல் கட்டிய ஆம்புலன்ஸின் அலுமினியப் பெட்டி நன்றாக இருந்தால் பின்னாளில் அதைக் கழற்றி வேறு சேசிஸில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அதுவும் மலிவான வேலையல்ல.

கேட்டவர்:
அப்படியானால் கையிருப்பில் உள்ள பழைய சேசிஸையே கேட்டு வாங்கலாமா?

பதில் 1:
எஞ்சினும் கியர்பாக்ஸும் வேறு மாடல்களிலும் ஓடுகின்றன என்றால் தாராளமாக வாங்கலாம். அந்த மாடலுக்கே உரிய கதவு, டாஷ்போர்டு, வயரிங் ஆகியவைதான் பிற்பாடு கிடைக்காமல் படுத்தும்.