நடவுக் காலத்துப் புதன்கிழமை

மன்னார்குடி பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், காலை பத்து மணிக்கு அங்கன்வாடியில் ஐஸ் பெட்டியோடு ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். விழிப்புணர்வு போதவில்லை என்று கூட்டத்தில் சொன்னார்கள். நோட்டீஸ் ஒட்டினேன். ஆடு தின்றது.

ஒரு நாள் நடவு முடிந்து வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தவர்களிடமே போய்க் கேட்டேன். ஒரு அக்கா சேற்றைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ஊசி போட்டா ராத்திரி புள்ளைக்குக் காய்ச்சல் அடிக்குது நர்சம்மா. மறுநாள் நான் வேலைக்குப் போகலைன்னா கூலியும் போச்சு, அடுத்த வயலுக்கும் கூப்பிட மாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வரலாம், பயப்படாதீர்கள் என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மறுநாள் பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்டதில்லை.

வரப்பில் உட்கார்ந்தே பேசினோம். ஊசி மதியம் மூன்று மணிக்கு. நடவுக்குப் போக முடியாத இரண்டு பாட்டிகள் மறுநாள் அங்கன்வாடித் திண்ணையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். "எங்களுக்கு நம்பர் படிக்கத் தெரியாதே, காய்ச்சல் மருந்தை எவ்வளவு ஊத்துறது?" என்றார் ஒரு பாட்டி. பன்னிரண்டாவது படிக்கும் பேத்தி ஓடிப்போய் சிவப்பு நெயில் பாலிஷ் எடுத்து வந்தாள். ஒவ்வொரு பிள்ளையின் எடைக்கும் நான் அளவு சொல்ல, அவரவர் பாட்டிலின் சொட்டுக்குழாயில் அவள் கோடு போட்டாள்.

நேரத்தை மாற்ற மேலே அனுமதி வாங்கியது தனிக்கதை, விடுங்கள். அடுத்த மாதம் வாசல் நிறையச் செருப்பு.

வேதாரண்யத்திலிருந்து ஒருவர்:
உங்களுக்காவது கேட்டதற்குப் பலன் இருந்தது. 2018இல் கஜா புயல் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து என்ன வேண்டும் என்று கேட்டார்கள். உப்பளத்துக்கு விடியுமுன்னே போகிறோம், டாக்டர் சாயங்காலம் வரட்டும் என்றோம். எழுதிக்கொண்டார்கள், டீ கொடுத்தார்கள். மருத்துவ முகாம் காலையில்தான் நடந்தது. இப்போது அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அது நல்ல விஷயம். கொண்டுவரும் பெண் எங்கள் தெருதான், அதனால் எப்போது வீட்டில் இருப்போம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் எழுதியவர்:
அண்ணே, அந்த எழுதிக்கொண்ட நோட்டு எங்கே போனது என்று யாராவது போய்க் கேட்டீர்களா?

வேதாரண்யத்திலிருந்து ஒருவர்:
கேட்டோம் நர்சம்மா. அதிகாரி மாறிவிட்டார் என்றார்கள்.