மறு: ஜியோகேச் வைத்தவர் ஊரில் இல்லாதபோது: டிஸேபிள், ஆர்க்கைவ், கேர்டேக்கர்

அனைவருக்கும் வணக்கம்.

ஜியோகேச்சிங் என்பது, ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை (கேச்) மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிப்போகும் விளையாட்டு. அதன் ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தமிழ்ப் பட்டியல் ஒன்றை வரைந்துகொண்டிருக்கும் இந்த இழை நீண்டுவிட்டது. தனித்தனியாகப் பதில் போட்டால் இன்னும் நீளும் என்பதால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடல்.

> கேச்சுக்குப் 'புதையல்' என்றே வைத்துவிடலாமே. கேட்டவுடன் ஆசை வரும்.

ஆசை வரும், கூடவே மண்வெட்டியும் வரும். இந்த விளையாட்டில் பெட்டியை வைப்பதற்கும் சரி, எடுப்பதற்கும் சரி, மண்ணைத் தோண்டக் கூடாது என்பது பொது விதி. மரப்பொந்து, கல்லிடுக்கு, வேலிக்கம்பத்தின் மூடி, இப்படித்தான் ஒளித்து வைப்பார்கள். சொல்லுக்குள்ளேயே 'புதை'யை வைத்துவிட்டு, அடுத்த பத்தியில் "தோண்டாதீர்கள்" என்று எழுதினால் யார் கேட்பார்கள்? 2000 மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் பக்கம் டேவ் உல்மர் வைத்த முதல் வாளியே பாதி மண்ணுக்குள்தானே இருந்தது என்று யாராவது மடக்கலாம். உண்மைதான். ஆனால் அப்போது விதி எதுவும் இல்லை. ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியே ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

'பதுக்கல்' என்று சொன்ன நண்பருக்கு: கணினி தரவைத் தற்காலிகமாகச் சேமித்துவைக்கும் கேச்சுக்கு அது பொருந்தலாம். மனிதர்கள் தேடிப்போகும் பெட்டிக்கு வைத்தால் ரேஷன் அரிசி நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்திலும் இதே சங்கடம் வந்திருக்கிறது. தொடக்கத்தில் இதை 'ஸ்டாஷ்' வேட்டை என்றுதான் அழைத்தார்கள். அந்தச் சொல்லில் போதைப்பொருள் வாடை அடிக்கிறது என்பதால் 2000 மே 30 அன்று மேட் ஸ்டம் என்பவர் 'ஜியோகேச்சிங்' என்ற பெயரை முன்வைத்தார். முன்வைத்த இடமும் ஒரு மடற்குழுதான். ஆகவே நாம் வெட்டிவேலை பார்க்கவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த மடலில் 'மறைபெட்டி' என்றே எழுதுகிறேன். 'ஒளிபெட்டி' எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் புகைப்படக்காரர்கள் அதை விளக்குப்பெட்டி என்று படிப்பார்கள்.

சரி, தலைப்புக்கு வருவோம். வைத்தவர் சில மாதம் ஊரில் இருக்க மாட்டார். பெட்டிக்கு என்ன வழி? நடைமுறையில் மூன்று வழி உண்டு. மூன்றுக்கும் வெவ்வேறு சொல் வேண்டும். நம் வரைவுப் பட்டியலில் மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன.

> டெம்ப்ரரிலி டிஸேபிள்ட் = தற்காலிகமாக முடக்கப்பட்டது. மென்பொருளில் எல்லா இடத்திலும் இதுதான். ஏன் மாற்ற வேண்டும்?

மென்பொருளில் பொத்தானை முடக்குகிறோம், அதற்குக் கோபம் வராது. மனிதர் செய்யும் காரியத்துக்கு 'முடக்கம்' என்றால், வேறு யாரோ அதிகாரத்தோடு செய்தது என்ற பொருள்தான் முன்னால் வந்து நிற்கும். வங்கிக் கணக்கு முடக்கம், சின்னம் முடக்கம், பொதுமுடக்கம். இங்கே நடப்பது அது இல்லை. பெட்டி நனைந்துவிட்டது, அல்லது வழியில் பாலம் வேலை நடக்கிறது, அல்லது வைத்தவர் ஊருக்குப் போகிறார்; "இப்போதைக்கு வராதீர்கள்" என்று பெரும்பாலும் அவரே இணையதளத்தில் அந்தப் பெட்டிக்கான பக்கத்தில் அறிவிக்கிறார். ரிவ்யூவர் (பெட்டிகளைச் சரிபார்த்துத் தளத்தில் வெளியிடும் தன்னார்வலர்) செய்வதும் உண்டு, ஆனால் அது புகார் வந்து பதில் வராதபோது.

இன்னொன்று. இப்படிச் செய்ததால் பெட்டி எங்கும் போவதில்லை. வரைபடத்தில் மங்கலாகத் தெரியும், ஆயங்கள் (இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் எண்கள்) அப்படியே இருக்கும், போய்க் கண்டுபிடித்தவர் பதிவும் போடலாம். முக்கியமாக, இடம் பிடித்து வைத்தது பிடித்து வைத்ததுதான்: சுற்றி 161 மீட்டருக்குள் வேறு யாரும் பெட்டி வைக்க முடியாது. கால் மைல்கூட இல்லை, மைலில் பத்தில் ஒரு பங்கு, ஆனால் நகரத்துப் பூங்காவில் அது பெரிய இடம். அதனால்தான் மாதக்கணக்கில் அப்படியே போட்டுவைக்க விடமாட்டார்கள். சுமார் நான்கு வாரத்துக்குள் ஏதாவது செய்யுங்கள், இல்லாவிட்டால் என்ன நிலைமை என்று பக்கத்திலாவது எழுதுங்கள் என்பது எதிர்பார்ப்பு.

இதற்கு என் பரிந்துரை 'நிறுத்திவைப்பு'. ரயில் சேவையை நிறுத்திவைக்கிறார்கள், தண்டனையை நிறுத்திவைக்கிறார்கள். திரும்பத் தொடங்கும் என்ற எண்ணம் 'வைப்பு' என்பதிலேயே இருக்கிறது, 'தற்காலிக' என்ற அடைமொழி தேவையில்லை. 'இடைநீக்கம்' வேண்டாம், அது அலுவலகத்தில் தண்டனை.

ஆர்க்கைவ் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான வருத்தம். பட்டியலில் 'காப்பகப்படுத்தல்' என்று இருக்கிறது. புதிதாக வருகிறவர் என்ன நினைப்பார்? பெட்டி பத்திரமாகக் காக்கப்படுகிறது, ஊரிலிருந்து வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. நடப்பது நேர்மாறு. ஆர்க்கைவ் ஆனால் அந்தப் பெட்டியின் கதை முடிந்தது. 161 மீட்டர் வட்டம் காலியாகிறது, அடுத்தவர் வந்து வைக்கலாம். வைத்தவர் நினைத்தாலும் தானாகத் திறக்க முடியாது, ரிவ்யூவரிடம் கேட்க வேண்டும், பெரும்பாலும் "புதிதாகவே வையுங்கள்" என்பார்கள். பெட்டியைப் போய் எடுத்துவரும் பொறுப்பு மட்டும் வைத்தவர் தலையில் நிற்கும், எடுக்காவிட்டால் அது காட்டில் கிடக்கும் குப்பை. காக்கப்படுவது பழைய பதிவுகள் மட்டுமே. கண்டுபிடித்தவர்களின் எண்ணிக்கையும் குறையாது.

எனவே 'முடித்துவைப்பு'. நீதிமன்றச் செய்திகளில் "வழக்கு முடித்துவைக்கப்பட்டது" என்று படிக்கிறோமே, அதே பொருள்: கோப்பு இருக்கும், விசாரணை இருக்காது. நிறுத்திவைப்பு, முடித்துவைப்பு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தானே விளங்குகிறது.

> அடாப்ஷனுக்குக் 'கைமாற்று' எப்படி? தத்து என்பது கொஞ்சம் உணர்ச்சிகரமாக இருக்கிறது.

அக்கா, கைமாற்று என்றால் வாங்கியவர் ஒன்றாம் தேதி திருப்பித் தருவார் என்றல்லவா எதிர்பார்ப்போம்! (தராவிட்டாலும் எதிர்பார்ப்போம்.) இங்கே உரிமை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நிரந்தரமாகப் போகிறது. கொடுப்பவர் அனுப்ப வேண்டும், வாங்குபவர் ஒப்புக்கொள்ள வேண்டும். தத்துக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தத்து இருக்கட்டும்.

மூன்றாவது வழியான கேர்டேக்கர்தான் இழையில் அதிகம் அடிபட்டது: வைத்தவர் இல்லாத நேரத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளும் ஆள். குளிருக்குப் பயந்து கனடாவிலிருந்து ஃபுளோரிடா போகும் ஓய்வுபெற்றவர்கள் அங்கே ஒரு பெட்டி வைக்க ஆசைப்படுவார்கள். கோடையில் அதை யார் பார்ப்பது? பக்கத்தில் இருக்கும் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று காட்டாமல் அந்தப் பெட்டியை வெளியிட மாட்டார்கள். விடுமுறைப் பெட்டி என்றாலே ரிவ்யூவர்கள் ஒரு முறைக்கு இரு முறை கேட்பார்கள்.

> 'பதிலாள்' நல்ல சொல். வழக்கிலும் உண்டு.

உண்டு. ஆனால் கொழும்பு நண்பர் சொன்னதைக் கவனித்தீர்களா? இலங்கையில் பதில் நீதவான், பதில் அதிபர் என்றால் அந்த நாற்காலியில் முழு அதிகாரத்தோடு உட்கார்ந்திருப்பவர். தமிழ்நாட்டில் அதே இடத்தில் 'பொறுப்பு' போடுகிறோம். இரண்டுமே அதிகாரத்தைக் கைமாற்றும் சொற்கள். நம் ஆளுக்கோ எந்த அதிகாரமும் கிடையாது. தளத்தில் அவருக்கென்று ஒரு பதவியே இல்லை. பராமரிப்புப் பதிவை வைத்தவரின் கணக்கிலிருந்துதான் போட முடியும். இவர் பெட்டிக்குள் கண்டுபிடித்தவர்கள் கையெழுத்திடும் ஈரமான பதிவேட்டை மாற்றுவார், மூடியை இறுக்குவார், பக்கத்தில் ஒரு சாதாரணக் குறிப்பு எழுதுவார். அதைப் பார்த்துவிட்டு வைத்தவர் எங்கிருந்தோ நிறுத்திவைப்பை நீக்குவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

'பொறுப்பாள்' என்று ஒருவர் சுருக்கியிருந்தார். அதைப் படித்தால் யாரோ ஒரு பெண் பொறுமையாகச் சகித்துக்கொள்ளப் போகிறாள் என்று தோன்றுகிறது. 'காப்பாளர்' விடுதி வார்டன். 'கையாள்' பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

என் மனதில் இருப்பது 'ஊர்த்துணை'. பயணம் போகிறவருக்கு வழித்துணை இருப்பதுபோல, அவர் விட்டுப்போன பெட்டிக்கு ஊர்த்துணை. உள்ளூரில் இருப்பவர் என்ற நிபந்தனை சொல்லிலேயே இருக்கிறது, உரிமை மாறவில்லை என்பதும் 'துணை'யில் இருக்கிறது. சொல் அகராதியில் இல்லை என்று மறுப்பு வரும். வரட்டும், அதற்குத்தானே கூடியிருக்கிறோம்.

இது வேண்டிய இன்னொரு காரணம், த்ரோடவுன். தேடிவந்தவருக்குப் பெட்டி கிடைக்கவில்லை, தொலைந்துபோயிருக்கும் என்று தானே முடிவு செய்து, பையிலிருந்த ஃபிலிம் டப்பாவைப் போட்டுவிட்டு "கண்டுபிடித்தேன்" என்று பதிவும் போட்டுவிடுகிறார். வைத்தவர் திரும்பி வந்தால் இரண்டு பெட்டி, எதில் கையெழுத்துப் போட்டது செல்லும் என்று சண்டை. செய்த வேலையைப் பார்த்தால் ஊர்த்துணையும் இவரும் ஒன்றுதான். ஒருவர் கேட்டுக்கொண்டு செய்தார், மற்றவர் கேட்காமல் செய்தார். 'கேளாவைப்பு' என்று எழுதிப் பார்த்தேன். நாக்கில் சரியாக உருளவில்லை. வேறு யாராவது முயலுங்கள்.

உரிமையாளர் என்பதை 'உடையவர்' ஆக்கும் யோசனைக்கு ஒரு வார்த்தை: திருவரங்கத்துக்காரர்களுக்கு உடையவர் என்றால் இராமானுசர். "உடையவர் ஊரில் இல்லை, பெட்டி நனைந்துவிட்டது" என்று எழுத எனக்குத் துணிவில்லை. 'வைத்தவர்' போதுமா என்றால் போதாது, தத்து எடுத்தவர் வைத்தவர் இல்லை. பட்டியலில் உரிமையாளர் என்றே நிற்கட்டும். பேச்சில் வைத்தவர் என்று நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாக்கியத்தில் போட்டுப் பார்க்கலாம்:

"வேலை நிமித்தம் மார்ச் வரை வெளியூரில் இருப்பேன். பதிவேடு நிரம்பினால் என் ஊர்த்துணை மாற்றிவைப்பார். பனி அதிகமானால் பெட்டியை நிறுத்திவைப்பேன். தயவுசெய்து முடித்துவைக்கக் கோர வேண்டாம். தத்து எடுக்க விரும்புகிறவர்கள் தனி மடலில் எழுதுங்கள்."

எனக்கு இது சட்டத் தமிழாகவும் இல்லை, இயந்திரத் தமிழாகவும் இல்லை. உங்களுக்கு எங்காவது இடறினால் அந்தச் சொல்லை மட்டும் மேற்கோள் காட்டிப் பதில் போடுங்கள், முழு மடலையும் கீழே தொங்கவிட வேண்டாம்.

ரிவ்யூவர் இன்னும் பாக்கி. அவர்கள் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள், ஆனால் வெளியிடுவதும் முடித்துவைப்பதும் அவர்கள் கையில். பட்டியலில் உள்ள 'மதிப்பாய்வாளர்' முனைவர் பட்ட ஆய்வேட்டைத் திருத்துகிறவர் மாதிரி இருக்கிறது. அதற்கு வேறு இழை தொடங்குங்கள், இதிலேயே வேண்டாம்.