ஊரே வாங்கிய காற்றாடி: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

எங்கள் நிலம் கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் பக்கம். தொண்ணூறுகளில் தாத்தா இரண்டு ஏக்கர் மானாவாரியைக் கரண்ட் எடுக்கும் காற்றாடிக்குக் கொடுத்தார். மழை பொய்த்த காலம் என்பதால் கைக்கு வந்த பணம் பெரிதாகத் தெரிந்தது. அத்தை கல்யாணத்தோடு அது தீர்ந்தது. அப்புறம் சித்தப்பா அதே நிலத்துக்கு வாட்ச்மேனாகப் போனார். ஆடி மாத ராத்திரிகளில் இறக்கை காற்றை வெட்டும் சத்தம் எங்கள் திண்ணை வரை கேட்கும். "ஒவ்வொரு சுத்துக்கும் யாருக்கோ காசு விழுது" என்பார் சித்தப்பா. அவர் அதைக் குறையாகச் சொன்னதில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அன்றைக்கு ஒரு மெஷின் வாங்கும் முதல் ஊரில் யாரிடமும் இல்லை. வாங்கிய கம்பெனிகளுக்கோ மெஷின் விலை முழுவதையும் முதல் வருடமே தேய்மானச் செலவாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளும் சலுகை இருந்தது. மில்காரர்கள் தேடி வந்ததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத மானாவாரி விவசாயிக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்? ஊரே சேர்ந்து வாங்கிய இடத்தை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

*

நான் பார்த்திருக்கிறேன். மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே காற்றாடி எங்கே என்று நாலு பக்கமும் அண்ணாந்து பார்த்தேன். ஒன்றையும் காணோம். குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அது இங்க இல்லீங்க தம்பி, உடுமலைப் பக்கம் மைவாடில நிக்குதுங்க" என்றார்.

யோசித்தால் அதுதான் சரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் இடத்தில் மெஷின் நிற்கிறது, கரண்ட் கிரிட்டில், அதாவது எல்லாருக்கும் பொதுவான மின்கம்பி வலையில், சேர்கிறது. ஊரின் தேவைக்கு மேல் வருவது ஊராட்சிக்கு வருமானம். 350 கிலோவாட் மெஷின் அது, 2006-இல் நிறுவியது. விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சித் தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்தில் எடுத்த முடிவு. ஊராட்சியின் சேமிப்பைப் போட்டு, மீதிக்கு வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார்கள். ஒரு கிராம ஊராட்சி அத்தனை பெரிய கடனுக்குத் துணிந்தது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் வரும் பில்தான் ஊராட்சியை அமுக்கும். மாசக் கடைசியில் பல்பு மாற்றக்கூடக் கணக்குப் பார்ப்பார்கள். அதனாலோ என்னவோ, அந்த அம்மாவின் குடம் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

*

பத்து வருடம் காற்றாலைப் பராமரிப்பில் ஏணி ஏறியவன் நான். ஊர் வாங்குவது நல்ல விஷயம், மனதார ஆதரிக்கிறேன். ஆனால் மெஷினைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

நம் பக்கம் வருடத்து உற்பத்தியில் பெரும்பங்கு மே முதல் செப்டம்பர் வரை வந்துவிடும். ஒரு ஜூலையில் கியர்பாக்ஸ் எண்ணெயை விரலில் தொட்டு எடுத்தேன். வெயிலில் காட்டினால் மினுமினு என்று இரும்புத் துகள்; உள்ளே பல்சக்கரம் தேய்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தினோம். உதிரி பாகமும் கிரேனும் வந்து சேரும் வரை நல்ல காற்றெல்லாம் சும்மா போனது. பெரிய மில்லுக்கு அது ஒரு செலவு, அவ்வளவுதான். ஒரே மெஷின் வைத்திருக்கும் ஊருக்கு அந்த வருடமே போச்சு. அதனால் முதல் யூனிட் ஓடிய நாளிலிருந்தே ஒரு பங்கை எடுத்து வைக்க வேண்டும், சாலைக்கும் திருவிழாவுக்கும் அதைத் தொடக் கூடாது.

ஸ்காட்லாந்தில் கீயா என்று ஒரு தீவு. நூறு பேர்கூட இல்லாத அந்த மக்கள் 2002-இல் தீவையே சொந்தமாக வாங்கினார்கள். பிறகு பழைய 225 கிலோவாட் மெஷின் மூன்றை வாங்கி நிறுத்தினார்கள். முப்பந்தலில் நான் ஏறியதும் அதே அளவு மெஷின்கள்தான்! வருமானத்தில் ஒரு பகுதியை மெஷின் மாற்றுவதற்கென்றே அவர்கள் ஒதுக்கினார்கள்.

*

நிலத்தைப் பற்றி முதலில் எழுதியவன். மூன்றையும் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கியர்பாக்ஸ் கதை வந்ததும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். அக்டோபர் 2 கிராம சபையில் இதைப் பேசலாமா என்று கேட்டேன். "சும்மா போய் நின்னு பேசாத. மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மூணு வருஷத்து பில்லை முதல்ல வாங்கி வை" என்றார். நாளைக்கு ஊராட்சி அலுவலகம் போகிறேன்.