அத்தி இலையில் துருநோய், பிஞ்சு உதிர்கிறது: உதவி வேண்டும்

குலசேகரம் பக்கம் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பூனா, டயானா, பிரவுன் டர்க்கி என மூன்று வகை அத்தி வைத்திருக்கிறேன். பூனா தரையில், மற்ற இரண்டும் பெரிய தொட்டியில். ஜூனில் மழை பிடித்ததும் இலையின் அடியில் துரு நிறப் பொடி, மேலே பழுப்புப் புள்ளி. அப்புறம் இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது, பிஞ்சு பழுக்காமலே சுருங்கி விழுகிறது. பிரவுன் டர்க்கி ஏறக்குறைய மொட்டை. பூனா மட்டும் ஓரளவு தாங்குகிறது.

வேப்பெண்ணெய் தெளித்தேன், உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்தேன், நெருக்கமான கிளைகளைக் கழித்தேன். 1 சதவீத போர்டோ கலவையும் (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) அடித்தாயிற்று. நம்மூர் மழை அதைக் கழுவிவிடுகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். ஆசையாக வளர்த்த மரங்கள், விட மனமில்லை.

குமரி மாவட்டத்தில் அத்தி வளர்ப்பவர்களே, இரண்டு மழைக்கும் நடுவே இந்தத் துருநோயை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள்?